கழுவினால் போகும் சேறு

தேனியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் ஈஸ்வரபாண்டியைப் பற்றி அங்கே யாரிடம் விசாரித்தாலும் இரண்டு சங்கதி சொல்வார்கள். கேட்ட கோப்பை அன்றைக்கே தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார் என்பது ஒன்று. வீட்டில் உட்கார்ந்து சேறு செய்கிறார் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது சொல்கிறவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அதில் ஈஸ்வரபாண்டிக்கு வருத்தம் எதுவும் கிடையாது. கண்ணாடி முன் நின்று தலை வாரும்போது அவருக்கே அந்தச் சிரிப்புதான் வருகிறது.

சேறு செய்வது என்றால் இதுதான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதான பொம்மை ஜீப்பைத் துண்டு துண்டாக வாங்கி ஒட்டி, பெயின்ட் அடித்து, ஒரு சின்ன மரப்பலகைமேல் நிறுத்துவார். பலகை முழுக்க மழை பெய்து ஓய்ந்த மலைப்பாதை. டயர் தடம், தடத்தில் தேங்கிய தண்ணீர், ஓரத்தில் நசுங்கிய புல், எல்லாம் இருக்கும். பார்க்கிறவர் ஈரம் என்று நம்பி விரலை வைத்து, காய்ந்து கிடக்கிறதே என்று ஏமாற வேண்டும். ஜீப்பை எவன் வேண்டுமானாலும் செய்துவிடுவான், சேறு செய்வதற்குத்தான் ஆள் வேண்டும் என்பது ஈஸ்வரபாண்டியின் கட்சி. அந்தக் கட்சியில் தேனி மாவட்டத்தில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் பிறந்ததே சேற்றுக்குப் பக்கத்தில். கூடலூரில் நல்லகண்ணுவின் இளைய மகன். வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளையும் வயல். ஆனால் நடவு என்று சொன்னாலே சின்ன வயதில் இவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். அட்டைப்பூச்சி என்றால் அழுகை. சேற்றில் கால் வைக்காமல் பிழைப்பதற்காகவே படித்தார், அதற்காகவே பரீட்சை எழுதினார், மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமல் ஒரு பொம்மை ஜீப்பை வாங்கி ஒட்டியதில் ஆரம்பித்தது வினை. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அவருக்குச் சேற்றின்மேல் ஆசை வந்தது. அதுவும் சீமையிலிருந்து கூரியரில் வரும் சேறு. மருந்து பாட்டில் அளவு ஜாடியில், மூடி போட்டு, மேலே படம் ஒட்டி வரும்.

முதல் ஜாடி வந்த அன்றைக்கு அவர் மனைவி உமாதேவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“எங்க மாமா சேத்துப்புண்ணு வந்து கால நீட்டிக்கிட்டே கெடந்தாக. அவுக புள்ள சேத்த பாட்டில்ல வாங்குறீக. நல்லா இருக்குங்க நம்ம குடும்பம் முன்னேறுனது.”

அவள் சொன்னது சுருக்கென்று தைக்கவே, சீமைச் சேறு வேண்டாம், சொந்தச் சேறே போதும் என்று முடிவெடுத்தார். கூடலூரில் வயலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முத்துப்பாண்டிக்குப் போன் போட்டார். அண்ணன் எதற்கு என்று கூடக் கேட்கவில்லை. ஒரு சிமெண்டுச் சாக்கு நிறைய வயல் மண்ணை பஸ்ஸில் ஏற்றி விட்டார். ஈஸ்வரபாண்டி அதைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பசை கலந்து, பலகையில் அப்பி, அழகாக டயர் தடமும் பதித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். பன்னிரண்டாம் நாள் ஜீப்பின் பின்சக்கரத்துக்கு அடியில் கோரை முளைத்தது. அந்த அளவில் பார்த்தால் ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம் நிற்கிற மாதிரி இருந்தது. போனில் சொன்னபோது முத்துப்பாண்டி இரண்டு நிமிஷம் சிரித்தார்.

“களை எடுத்துட்டியாடா? யூரியா வேணும்னா அதையும் பஸ்ல போட்டு விடுறேன்.”

மண்ணை வறுக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டார். வறுத்தது உமாதேவியின் இரும்புச்சட்டியில். வீட்டில் மூன்று நாள் எருமைத் தொழுவ வாசம் அடித்தது. அந்தச் சட்டியை அவள் அதோடு கைகழுவிவிட்டாள், அதுவும் சேற்றுச் சாமான்களோடு சேர்ந்தது. மண்ணைச் சலிக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். ஜீப் இருபத்துநான்கு மடங்கு சிறுத்துவிட்டால் மண்ணும் சிறுக்க வேண்டும் அல்லவா, ஒரு மணல் பொடி தவறி விழுந்தாலும் அது பாறாங்கல்லாகத் தெரியும். டீ வடிகட்டியில் சலித்தார், பிறகு பழைய வேட்டியில் சலித்தார். வேருக்குத் தேங்காய் நாரைப் பொடியாக வெட்டிப் போட்டார். மக்கிய சருகுக்குக் குடித்து மிஞ்சிய டீத்தூளைக் காயவைத்துத் தூவினார்.

ஈரம் வருவதுதான் பெரிய பாடு. ஆரம்பத்தில் பளபளக்கும் வார்னிஷை மேலே மொத்தமாக ஊற்றிவிடுவார். வீட்டுக்கு வந்த உமாதேவியின் தம்பி அதைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, அல்வா கிண்டுனியா, ஜீப்பு விழுந்துருச்சா?” என்று கேட்டான். நிஜச் சேறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மின்னாது என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. பள்ளத்தில் தண்ணீர் மினுங்கும். சரிவில் பாதி மினுக்கம். மேட்டில் காற்றுப் பட்டு மங்கிக் கிடக்கும். இந்த மூன்றையும் ஒரே பலகையில் கொண்டுவந்த அன்று அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இணையத்தில் இதற்கென்றே இருக்கும் குழுவில் படம் போட்டார். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ பாராட்டு வந்தது. ஒரு போட்டியில் ஆறுதல் சான்றிதழ் கூடக் கொடுத்தார்கள். அதை லேமினேஷன் செய்து மாட்டியிருக்கிறார், அருகில் போனால்தான் ஆறுதல் என்ற வார்த்தை தெரியும் உயரத்தில். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குறை. பாராட்டியவர்கள் யாரும் குமுளி மலைப்பாதையைப் பார்த்தவர்கள் இல்லை. இந்தச் சேற்றில் புரண்டு எழுந்த ஒரு ஆள் இதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ‘இது இன்ன ஊர்ச் சேறுதானே’ என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளை ஏங்குவதற்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லையா என்று தன்னையே திட்டிக்கொண்டும் ஏங்கினார்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து மேஜை நாகஜோதி ஒரு நாள் டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். தினமும் கம்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண்.

“அண்ணே, எங்க அப்பா வண்டிய நீங்க ஒண்ணு பண்ணித் தர முடியுமாண்ணே?”

அவள் அப்பா அய்யாத்துரை ஜீப் டிரைவர். முப்பத்தாறு வருஷம் கம்பத்திலிருந்து விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறி, கம்பை ஊன்றி நடக்கிறார். வாய்தான் திறக்கவில்லை.

“நாக்கு நல்லாத்தான் இருக்கு, பேசிப் பேசித்தான் வரணும்னு டாக்டர் சொல்லிட்டாக. ஒரு வருசத்துக்குள்ள பேச ஆரம்பிக்கலேன்னா அப்பிடியே நின்டுபோகும்ங்கிறாக. எட்டு மாசம் ஆச்சுண்ணே. ஆத்தாகிட்டயும் பேசல, எங்கிட்டயும் பேசல. வண்டிய வித்த அன்னைக்கு செவுத்தப் பாத்து உக்காந்தவுகதான். ஒங்க வண்டியப் பாத்தா ஒரு வார்த்த வருமோன்னு ஒரு இதுதான்.”

அவள் கண் கலங்கியிருந்தது. ஈஸ்வரபாண்டி கல் நெஞ்சுக்காரர் இல்லை, அவருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கஷ்டம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, ‘முப்பத்தாறு வருஷம்! ஆள் கிடைத்துவிட்டார்!’ என்ற நினைப்பு.

நாகஜோதி நாலு போட்டோ கொண்டுவந்தாள். நாலிலும் ஜீப் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஈஸ்வரபாண்டிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“ஏம்மா, சேறோட ஒரு போட்டோ இல்லையா?”

“இல்லண்ணே. அப்பிடி எடுக்க அப்பா விடமாட்டாக.”

ஏன் விடமாட்டார் என்று கேட்டிருக்க வேண்டும். கோப்பில் ஒரு கையெழுத்து குறைந்தால் ஏழு கேள்வி கேட்கிற மனிதர் இங்கே ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஆயுதபூஜைக்கு எடுத்த படங்கள், இதில் நிஜம் எங்கே இருக்கிறது, நிஜத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆணவம் கண்ணை மறைக்கும்போது ஆள் ரொம்பத் தெளிவாக இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

நிஜத்தைத் தேடிக் கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த வண்டிகளுக்குப் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்கு மேல் சேறு எப்படி அப்பியிருக்கிறது என்று போனில் படம் எடுத்தார். பத்து நிமிஷத்தில் டிரைவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

“என்ன சார், டயரு மொட்டையா இருக்குன்னு கேஸ் போடுறீகளா?”

“இல்லப்பா, சேத்தப் பாக்குறேன்.”

“சேத்தயா? எதுக்கு சாரே?”

“செய்யுறதுக்கு.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்ல, ஆதரவாக, “வீட்டுல யாரும் கூட வந்துருக்காகளா சார்?” என்று கேட்டார். ஈஸ்வரபாண்டி டீ வாங்கிக் கொடுத்துத் தப்பித்து வந்தார்.

மூன்று மாதம் வேலை நடந்தது. வண்டி எண், முன்கண்ணாடிக்கு மேல் எழுதிய பெயர், பின்னால் தொங்கும் ஏணி, எல்லாம் போட்டோவில் உள்ளபடி. அது இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் பத்து வாரமும் சேறு. அடிச்சட்டத்தில் கம்பத்து வயலோரக் கரம்பை மண், கறுப்பாக. அதற்குமேல் குமுளிச் செம்மண். எல்லாவற்றுக்கும் மேலே தோட்டத்துப் பாதையின் சருகு கலந்த கருஞ்சேறு. ஒரு நாள் ஓட்டம் முழுவதும் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும் என்பது திட்டம். பல் விளக்கும் பிரஷ்ஷைச் சேற்றில் தொட்டு விரலால் சுண்டிச் சுண்டிக் கதவில் தெறிப்பு வரவழைத்தார். முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த இரண்டு வளைவை மட்டும் சுத்தமாக விட்டார். கடைசியில் எப்பாக்ஸிப் பசை கலந்து எல்லாவற்றையும் கல்லாக இறுக்கினார். இனி அது நூறு வருஷத்துக்கு ஈரமாகவே இருக்கும்.

உமாதேவி அந்த மேஜையைத் தாண்டிப் போகும்போது, படாமல் இருக்கப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கவனிக்காமல் செய்தாள், இவர் கவனித்துவிட்டார். அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டு அம்மா பிறந்தநாள் கேக்கா என்று கேட்டாள். சேறு என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றுவிட்டார். போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. அய்யாத்துரை பார்ப்பார். கண் கலங்கும். ‘இது குமுளிச் சேறுல்ல’ என்பார். உடனே நாம் தலையைக் குனிந்து, ‘என்னமோ நம்மால முடிஞ்சதுங்கய்யா’ என்று அடக்கமாகச் சொல்ல வேண்டும். அடக்கத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்தார்.

அய்யாத்துரை சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான ஆள், தோளில் துண்டு, வலது கை மடியில் சும்மா கிடந்தது. நாகஜோதி சத்தமாக, “அப்பா, எங்க ஆபீஸ் அண்ணன் வந்துருக்காக. ஒனக்கு என்ன கொண்டாந்துருக்காக பாரு” என்று சொல்லி நாற்காலியைத் திருப்பிவிட்டு, காப்பி போட உள்ளே போனாள். ஈஸ்வரபாண்டி பெட்டியைத் திறந்து ஜீப்பை முக்காலிமேல் வைத்தார்.

கிழவர் பார்த்தார். ஒரு நிமிஷம் முழுதாகப் பார்த்தார். முகத்தில் ஏதோ அசைந்தது. ஈஸ்வரபாண்டி அடக்கத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

அய்யாத்துரை இடது கையால் தோளிலிருந்த துண்டை உருவினார். அதன் நுனியைப் பக்கத்திலிருந்த தம்ளர் தண்ணீரில் நனைத்தார். ஜீப்பின் முன்சக்கரத்துக்கு மேலே வைத்து அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. ஜீப்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

ஈஸ்வரபாண்டி பதறிக் கையை நீட்டினார். பத்து வாரம்!

“ஐயா, ஐயா, அது போகாதுங்கய்யா. எப்பாக்ஸி போட்டது.”

கிழவர் நிமிர்ந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

“எ... எவன்டா... ஓட்டுனது?”

“யாரும் ஓட்டலங்கய்யா. இது செஞ்சது. அடியில பாருங்க, கரம்பை. மேல குமுளிச் செம்மண்ணு. தெறிச்சிருக்கு பாருங்க, அது...”

“க... கழுவாம... நிப்பாட்டிருக்க.”

இதற்கு மேல் ஈஸ்வரபாண்டியால் பொறுக்க முடியவில்லை. கலைஞனுக்கும் ரோஷம் உண்டு. “மழக்காலத்துல சேறு இல்லாம எப்பிடிங்கய்யா வண்டி வரும்?” என்று கேட்டார்.

“வரும். வந்தா... கழுவுவேன்.”

“தெனமுமா கழுவுவீக?”

“தெ... தெனம்.”

“ஒரு நாளு கூடவா விடுபடாது? நான் ஸ்டாண்டுல நேர்லயே பாத்தேங்கய்யா, எல்லா வண்டியும் சேத்தோடதான் நிக்குது.”

“அவன்... வண்டி.” கிழவர் துண்டால் தன் நெஞ்சைத் தட்டினார். “இது... என் வண்டி. காலைல... பொம்பளையாளு... துவச்ச சேல... கட்டி வரும். ஏறுனா... அழுக்காவும்ல.”

பதில் இல்லாதபோதும் விவாதத்தை விட்டுவிடுகிற சுபாவம் ஈஸ்வரபாண்டிக்கு இல்லை. “சரிங்கய்யா, ஆனா சாயங்காலம் எறங்கி வரும்போது...” என்று ஆரம்பித்துத் திரும்பியபோது சமையலறை வாசற்படியில் நாகஜோதி நின்றாள். கையில் காப்பித் தட்டு. கன்னமெல்லாம் கண்ணீர். மூன்று மாத வேலை பாழாகிறதே என்று அழுகிறாள் போலிருக்கிறது, நல்ல பெண் என்று நினைத்தார்.

“அழுகாதம்மா. அப்பாவ ஒண்ணும் சொல்லாத. கொஞ்சம் சொரண்டுனாப் போயிரும்.”

“அண்ணே,” என்றாள். தட்டைக் கீழே வைத்தாள். “அண்ணே... அப்பா பேசுறாகண்ணே.”

அப்போதுதான் ஈஸ்வரபாண்டிக்கு உறைத்தது. பதினோரு மாதம் வாய் திறக்காத ஒருவரோடு அவர் ஐந்து நிமிஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் தன் சேற்றுக்கு ஆதரவாக. வந்த காரியம் கண்ணுக்கு முன்னால் நடந்தது, அதைப் பார்க்க இவருக்குத்தான் ஒழியவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அய்யாத்துரை ஜீப்பை அவர் மடியில் போட்டார்.

“கழுவு.”

கழுவினார். கடைத்தெருவில் பெயின்ட் கடையைத் திறக்கச் சொல்லித் தின்னர் வாங்கிவந்து, ஊசியால் நோண்டி, பிரஷ்ஷால் தேய்த்து, பகல் முழுவதும் பத்து வாரத்தைச் சுரண்டி எடுத்தார். கிழவர் எதிரே உட்கார்ந்து விரல் நீட்டிக்கொண்டே இருந்தார். “அங்கன.” “அடியில.” “இன்னும் இருக்கு.” நாகஜோதியின் அம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுவிட்டுப் போனாள். சுரண்டிய சேறு முழுவதும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஜீப்பில் இரண்டு இடத்தில் பெயின்ட்டும் உரிந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் ஈஸ்வரபாண்டிக்கு அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை, இரண்டும் வந்தது.

செவ்வாய்க்கிழமை நாகஜோதி முகம் வாடி வந்தாள். சுத்தமான ஜீப்பை அலமாரியில் எடுத்து வைத்தவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாராம். திங்கட்கிழமை முழுக்க ஒரு சொல் இல்லை. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஒரே மாதம்தான் பாக்கி.

ஈஸ்வரபாண்டி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். உமாதேவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அழுக்கா இருந்தாப் பேசுறாக, சுத்தமா இருந்தாப் பேசலியாக்கும். அப்ப அழுக்காக்குங்க.”

“மறுபடியும் எப்பாக்ஸி போட்டுச் சொரண்டுனா வண்டியே மிஞ்சாது உமா.”

“ஏன், கழுவுனாப் போற சேறு ஒங்களுக்குச் செய்யத் தெரியாதா? அது ஒலகத்துல எல்லாருக்கும் தெரியுமே.”

தெரியாதுதான். போகாத சேறு செய்வதற்கு ஐந்து வருஷம் உழைத்தவருக்குப் போகிற சேறு கைவரவில்லை. வெறும் மண்ணைக் குழைத்து அப்பினால் கம்பம் போய்ச் சேருவதற்குள் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. பசை ஒரு சொட்டு விட்டாலும் ஒட்டிக்கொள்கிறது. மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி நாலு சொட்டு கலந்து பார்த்தார். ஈரம் நின்றது. விரல் வைத்தால் விரலிலும் ஒட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை நாகஜோதியிடமிருந்து ஜீப்பை ரிப்பேருக்கு என்று வாங்கி, ஞாயிறு காலை புதுச் சேற்றோடு கொண்டுபோய் முக்காலியில் வைத்தார்.

அய்யாத்துரை பார்த்தார். மூக்கு விடைத்தது.

“ஏலே... எங்கிட்டுலே... போன?”

ஈஸ்வரபாண்டி கையைக் கட்டிக்கொண்டார். “குமுளிக்குங்கய்யா.”

“இது... குமுளி இல்ல.” கிழவர் சேற்றைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். “கம்பம்மெட்டு.”

சத்தியமான வார்த்தை. குமுளி மண் தீர்ந்துபோய், கம்பம்மெட்டு ரோட்டோரத்தில் அள்ளியதைத்தான் குழைத்திருந்தார். ஐந்து வருஷமாக ஏங்கிய சொல் இதுதான். அது வந்தபோது பொய் பிடிபட்ட திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்து வைத்த அடக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது, அதை மறைக்க முடியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். நாகஜோதி ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கிழவரின் இடது கையும் ஈஸ்வரபாண்டியின் இரண்டு கையுமாக வண்டியைக் கழுவி எடுத்தார்கள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் இதே வேலை ஆகிவிட்டது. வாரம் முழுக்க ஈஸ்வரபாண்டி புதுப்புது மண் தேடுவார். அண்ணனிடம் போனில் கரம்பை கேட்பார். ஸ்டாண்டு டிரைவர்களிடம் பாலித்தீன் பை கொடுத்து, அந்தத் தோட்டத்து மண் ஒரு பிடி, இந்த வளைவு மண் ஒரு பிடி என்று சொல்லி அனுப்புவார். வீட்டில் யாரும் கூட வந்திருக்கிறார்களா என்று அவர்கள் இப்போது கேட்பதில்லை, முடிவே செய்துவிட்டார்கள். குழுவில் படம் போட்டுப் பல மாதம் ஆகிறது. போட்டாலும் செல்லாது. ஞாயிறு பகலுக்குள் சட்டித் தண்ணீரில் கரைந்துபோகிற சேற்றுக்கு எந்தத் தேசத்தில் சான்றிதழ் கொடுப்பார்கள்?

ஆனால் ஒற்றைச் சொல் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. மனைவியிடம் தண்ணீர் கேட்டார். நாகஜோதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டாக்டர் கெடு தாண்டிய பிறகு பரிசோதித்துப் பார்த்துவிட்டு, யார் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறது என்று கேட்டாராம். நாகஜோதி, எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணன் திட்டு வாங்குறாக என்றாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரபாண்டி கொஞ்சம் மிதப்போடுதான் போனார். கறுப்பும் சிவப்பும் கலந்து, சருகும் சேர்த்து, இதை மட்டும் கிழவரால் கண்டுபிடிக்க முடியாது என்ற நிச்சயத்தோடு முக்காலியில் வைத்தார்.

“எங்க போயிட்டு வர்ற?”

“கல்லுமேட்டு எஸ்டேட்டுக்குங்கய்யா. ரோடு பூரா ஒரே சகதி. ரெண்டு எடத்துல வண்டி மாட்டிக்கிருச்சு.”

அய்யாத்துரை சேற்றைத் தொடக்கூட இல்லை. இவர் முகத்தையே பார்த்தார். கோணிய வாய் மெல்ல விரிந்தது, சிரிக்கிறார் என்று புரிய ஈஸ்வரபாண்டிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, நிறுத்தி நிறுத்தி, ஆனால் ஒரு சொல்லும் சிதையாமல் சொன்னார்.

“கல்லுமேட்டு ரோட்டுக்குத் தார் போட்டு ரெண்டு வருசம் ஆச்சுலே. எனக்காகப் பொய்ச் சேறு கொண்டு வர்றது சரி, ரோட்ட விசாரிச்சிட்டுக் கொண்டு வா.”

ஒன்றரை வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். ஈஸ்வரபாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. ‘அப்போ உங்களுக்கு மொதல்லேருந்தே தெரியுமா’ என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. கிழவர் இடது கையால் தண்ணீர்ச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். ஈஸ்வரபாண்டி சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு ஜீப்பைத் தண்ணீரில் இறக்கினார்.